தூக்க நோட்டும் அக்காவின் கையெழுத்தும்

எனக்கு பைபோலார் என்னும் இருதுருவ மனநோய். மனம் சில காலம் அளவுமீறித் துள்ளும், சில காலம் ஒரேயடியாகச் சோர்ந்துவிடும். அதைக் கட்டுக்குள் வைக்க ஒன்பது வருடமாக லித்தியம் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன். இதோடு வாழப் பழகுகிறவர்களுக்கு, எனக்கு உதவியதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் எப்போது படுத்தேன், எப்போது எழுந்தேன் என்று மட்டும் எழுதினால் போதும். மூன்று மணி நேரமே தூங்கியும் உடம்பு சுறுசுறுப்பாக இருந்தால், மனம் துள்ளத் தொடங்குகிறது என்பதற்கு எனக்கு அதுதான் முதல் அறிகுறி. இரண்டு நாள் அப்படிப் போனால் அக்காவுக்கு போன் செய்வேன். நான் கண்டபடி செலவு செய்துவிடாமல் இருக்க, அவள் வந்து ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொள்வாள். நன்றாக இருக்கும்போதே பேசி வைத்த ஏற்பாடு இது. மனம் துள்ளும் நேரத்தில் யார் சொன்னாலும் என் காதில் ஏறாது.

லித்தியம் சாப்பிடுகிறவர்கள், ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். நான் இரவு 9 மணிக்குப் போட்டு, மறுநாள் காலை 9 மணிக்கு, அன்றைய மாத்திரைக்கு முன்பே போய்விடுவேன். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலோ கை அதிகம் நடுங்கினாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் போன்றவற்றைக் கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள், ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும்.

பணமில்லை என்று நிற்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரையும் இலவசம். ராத்திரி மனம் தாங்கவில்லையா, 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை முடிவுகளில் நமக்குத் துணை நிற்க ஒருவரை நாமே நியமிக்கலாம். வெள்ளைத் தாளில் அக்கா பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். அவளும் சம்மதித்துப் போட்டாள். பீரோவில் ரேஷன் கார்டோடு அது இருக்கிறது.