துவர்ப்புக் குறைஞ்ச ரெட் வைன் எடுக்கிறது எப்பிடி? வன்னி வெக்கைக்கும் உறைப்புக்கும் ஏத்த ஒரு செய்முறை விளக்கம்

ரெட் வைன் எண்டாலே வாயைக் கட்டுற, நாக்கை வறட்டுற ஒரு சாமான் எண்டுதான் எங்கட பக்கத்தில கனபேர் முடிவெடுத்து வைச்சிருக்கினம். அவையில பிழை சொல்லேலாது, கையில கிடைக்கிற போத்தல் அப்பிடி. கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ ஒரு வைன் ஸ்டோர்ஸுக்குள்ள போனா சாராயத்துக்கும் பியருக்கும் நடுவில ரெண்டு மூண்டு ரெட் வைன் நிக்கும், எடுத்துப் பார்த்தா அநேகமா கபெர்னே சோவின்யோன் இல்லாட்டி ஷிராஸ், ரெண்டுமே துவர்ப்புக் கூடின முந்திரிகைச் (திராட்சை) சாதி. வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரரும் நல்ல வைன் எண்டு விலையைப் பார்த்து அதே சாதியைத்தான் தூக்கிக்கொண்டு வருவினம். அதை இந்த வெக்கையில, உறைப்புக் கறியோட, குளிர வைக்காமக் குடிச்சா ஆருக்குத்தான் பிடிக்கும்.

துவர்ப்புக் குறைஞ்ச, தொண்டையில மெதுவா இறங்கிற ரெட் வைன் உலகத்தில நிறைய இருக்கு, அதைப் பெயர் சொல்லிக் கேக்கத் தெரிஞ்சாக் காணும். கீழ சொல்லுறது 21 வயசுக்கு மேற்பட்ட ஆக்களுக்கு மட்டும். போயா நாளில கடை பூட்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கோ. பிரஷருக்கு, சுகருக்கு மருந்து எடுக்கிற ஆக்கள் முதல்ல டொக்டரிட்டக் கேளுங்கோ. குடிச்சிட்டு மோட்டச்சைக்கிளைத் தொடவே தொடாதேங்கோ.

படி 1: டனினை வாயால பழகுங்கோ

இதுக்கு வைன் தேவையில்லை. ரெண்டு கோப்பை வெறுந்தேத்தண்ணி போடுங்கோ, சீனி வேண்டாம். ஒண்டை ஒரு நிமிசத்தில வடிச்சு எடுங்கோ, மற்றதைப் பத்து நிமிசம் ஊறவிட்டு வடியுங்கோ. ரெண்டையும் ஆறவைச்சு மாறி மாறி ஒவ்வொரு மிடறு குடிச்சுப் பாருங்கோ. ரெண்டாவதில முரசும் கன்னத்து உள்பக்கமும் வறண்டு இழுபடும், அதுதான் டனின் எண்ட துவர்ப்புச் சத்து செய்யிற வேலை. உமிநீரில இருக்கிற புரதத்தோட டனின் போய் ஒட்டுறதால வாயின்ர வழுவழுப்புப் போயிடுது. கசப்பு நாக்கில தெரியிற ருசி, டனின் முழு வாயிலயும் தெரியிற இழுவை, ரெண்டையும் குழப்பாதேங்கோ. இப்ப அந்தக் கடுந்தேத்தண்ணிக்குள்ள கொஞ்சம் பால் விட்டுக் குடியுங்கோ, இழுவை குறைஞ்சிருக்கும், பாலின்ர புரதம் டனினைப் பிடிச்சிட்டுது. இதை நினைவில வைச்சிருங்கோ, கடைசியில தேவைப்படும்.

வைனுக்குள்ள டனின் வாறது முந்திரிகைப் பழத்தின்ர தோல், விதை, காம்பில இருந்து, பிறகு வைனை வைக்கிற ஓக் மரப் பீப்பாவில இருந்து. வைட் வைனுக்குப் பழத்தைப் பிழிஞ்ச கையோட தோலை எடுத்திடுவினம். ரெட் வைனுக்கு நிறம் வேணும், அது தோலிலதான் கிடக்கு, ஆனபடியா தோலோட சேர்த்துப் புளிக்கவிடுவினம், நாள் கூடக் கூட நிறத்தோட துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். அப்ப மெல்லிய தோல் பழம், தோலோட கனநாள் கிடக்காதது, புது ஓக்கில கிடக்காதது எண்டு பார்த்து எடுத்தா அரைவாசி வேலை முடிஞ்சுது.

படி 2: லைட், ஸ்மூத், ஸ்வீட் மூண்டையும் பிரிச்சுப் பாருங்கோ

லைட் எண்டா வாயில பாரமில்லாதது, அநேகமா அற்ககோல் 11 தொடக்கம் 13 வீதத்துக்குள்ள இருக்கும். ஸ்மூத் எண்டா டனின் இழுவை இல்லாதது. ஸ்வீட் எண்டா சீனி மிஞ்சிக் கிடக்கிறது. மெதுவா இருக்கும் எண்டு நினைச்சு ஸ்வீட் வைனை வாங்கிச் சோத்தோட வைச்சுத் தெவிட்டிப்போய் இனி வைனே வேண்டாம் எண்ட ஆக்கள் நிறையப்பேர் இருக்கினம். நாங்கள் தேடுறது இனிப்பில்லாத, அதேநேரம் துவர்ப்பும் குறைஞ்ச ஒண்டு.

படி 3: பழத்தின்ர பெயரைப் பாடமாக்குங்கோ

இதுதான் முக்கியமான படி. விலையையும் லேபில் வடிவையும் பார்க்கிறதை விட்டிட்டுப் பழத்தைப் பாருங்கோ.

எனக்கு முதல் இடம் கமே. பிரான்சில லியோன் நகரத்துக்கு வடக்கால இருக்கிற போஜொலே எண்ட ஊர்ப்பக்கத்துப் பழம். 1395ல அதுக்கு வடக்கால இருக்கிற பேர்கண்டிப் பிரதேசத்தை ஆண்ட பிலிப் பிரபு இது கெட்ட சாதி, பிடுங்கி எறியுங்கோ எண்டு கட்டளை போட்டவர், ஆனா தெற்கால போஜொலேயின்ர கருங்கல் மண்ணில அது வடிவா வேர்பிடிச்சு இண்டைக்கும் நிக்குது. அங்க கன இடத்தில பழத்தை நசிக்காமக் குலையோட தாங்கிக்குள்ள போட்டுக் காபனீரொட்சைட்டை நிரப்பி மூடிவிடுவினம், பழத்துக்குள்ளயே புளிப்புத் தொடங்கும், நிறமும் வாசமும் வரும், டனின் பெரிசா இறங்காது. செரி, ஸ்ட்ரோபெரி வாசம், சின்னப் புளிப்பு, இழுவை எண்டு சொல்ல ஒண்டுமில்லை. புதுசாத் தொடங்கிற ஆளுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை எண்டு அடிச்சுச் சொல்லுவன்.

ரெண்டாவது பினோ நுவார். மெல்லிய தோல், வெளிறின நிறம், டனின் குறைவு. பேர்கண்டிதான் இதின்ர தாய்வீடு, அங்கத்தையான் விலை கையைச் சுடும். சிலியின்ர கசபிளாங்கா பள்ளத்தாக்கு மாதிரிக் குளிர்ப் பக்கத்துப் பினோ நுவார் கட்டுப்படியான விலைக்கு வரும்.

இத்தாலியில வல்போலிசெல்லா, பார்டோலினோ ரெண்டும் லைட். ஆனா வல்போலிசெல்லாவில அமரோனே எண்டு எழுதியிருந்தா வைச்சிட்டு வாங்கோ, அது பழத்தைக் காயவைச்சுச் செய்யிறது, அற்ககோல் 14க்கு மேல, நல்ல கனம்.

நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கிற ஆக்களுக்கு ஒரு எச்சரிக்கை. இத்தாலியின்ர பியமோன்தே பக்கத்தில ரெண்டு பழம் பக்கத்துப் பக்கத்தில விளையுது. பார்பேரா கடும் நிறம், ஆனா டனின் குறைவு. நெபியோலோ வெளிறின நிறம், கிளாஸுக்குள்ளால பார்க்கலாம், ஆனா டனின் வாயைப் பூட்டிப்போடும், பரோலோ எண்டு பேர்பெற்ற வைன் அதில செய்யிறதுதான். நிறத்தை நம்பினா ரெண்டிலயும் ஏமாறுவியள்.

கிரெனாஷ், ஸ்பெயினில கர்னாச்சா எண்டுவினம், ஸ்மூத் ஆனா லைட் இல்லை, 14 வீதத்துக்கு மேலயும் போகும். மெர்லோ நடுத்தரம். கபெர்னே சோவின்யோன், ஷிராஸ், நெபியோலோ, தன்னா இந்த நாலையும் தொடக்கத்தில தள்ளி வையுங்கோ.

படி 4: லேபிலில நாலு இடம்

பழத்தின்ர பெயர், அற்ககோல் வீதம், ஆண்டு, ஓக் பற்றின சொல். 12.5ஐச் சுத்தி இருக்கிறது எங்களுக்கு வசதி. லைட் ரெட் வைன் இளசாக் குடிக்கிறது, ஆண்டு ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ள இருக்கட்டும். பழசு எண்டா திறம் எண்ட கணக்கு இதுக்குப் பொருந்தாது. ஸ்பெயின் வைனில ஹோவென் எண்டிருந்தா இளசு, ஓக் இல்லாட்டிக் கொஞ்சம்தான். ரெசெர்வா எண்டா குறைஞ்சது மூண்டு வருசம் வைச்சது, அதில ஒரு வருசம் ஓக்கில. மூடி திருகிற மூடியா இருந்தா இன்னும் நல்லம், கோர்க் இழுக்கிற சாமான் எல்லா வீட்டிலயும் இராது.

படி 5: வெளிநாட்டில இருந்து வாற ஆளிட்ட என்ன சொல்லி விடுறது

வன்னியில நல்ல வைன் வாற பிரதான வழி இதுதான், ஆனா நாங்கள் ஒழுங்காக் கேக்கிறேல்லை. ஒரு ரெட் வைன் கொண்டு வாங்கோ எண்டா அவை பாவம் என்ன செய்யிறது. நாட்டைப் பொறுத்துக் கேளுங்கோ.

பிரான்ஸ் எண்டா போஜொலே, அதில ஃப்ளூரி எண்ட ஊர்ப்பெயர் போட்டது இன்னும் நயம். அந்தப் போத்தலில போஜொலே எண்ட பெயர் பெரிசா இராது, ஊர்ப்பெயர்தான் இருக்கும். சுவிஸ் எண்டா டோல், வலே மாநிலத்தில பினோ நுவாரையும் கமேயையும் கலந்து செய்யிறது, சுவிசில வருசக்கணக்கா இருக்கிற எங்கட ஆக்களே இதைக் கவனிக்கிறேல்லை. ஜேர்மனி எண்டா ஸ்பெட்பூர்குண்டர், அதுவும் பினோ நுவார்தான், அதைவிட லைட்டா வேணும் எண்டா ட்ரோலிங்கர். கனடா எண்டா ஒன்ராறியோவில நயாகராப் பக்கத்துக் கமே. நோர்வே ஆக்களுக்கு வேலை லேசு, அங்க வைன் விக்கிற அரசாங்கக் கடை ஒவ்வொரு வைனுக்கும் டனின் எவ்வளவு எண்டு தன்ர வெப்சைட்டில போட்டிருக்கும்.

"சித்தப்பா, வரேக்க கமே பழத்து வைன் ஒரு போத்தல், 13 வீதத்துக்குக் கீழ, ஓக் வேண்டாம்" எண்டு வட்ஸ்அப்பில ஒரு வரி போட்டு விடுங்கோ. அவ்வளவுதான், சித்தப்பாவுக்கும் காசு மிச்சம்.

உள்ளூர்க் கடைதான் கதி எண்டா இருக்கிறதுக்குள்ள மெர்லோவைப் பாருங்கோ, புது ஆண்டா, ஓக் எண்டு பெருமையா எழுதாததா எடுங்கோ. வெயில் படுற இடத்தில நிக்கிற போத்தலை எடுக்கவேண்டாம், பின்னுக்கு நிழலில நிக்கிறதைக் கேளுங்கோ.

படி 6: வெக்கையில இருந்து காப்பாத்துங்கோ

கொழும்பில இருந்து ஏ9 வழிய வாற வானில டாஷ்போட்டில வைச்ச போத்தல் முறிகண்டி வரேக்குள்ள கொதிச்சுப் போயிருக்கும். சூடு பட்ட வைன் அவிச்ச பழம் மாதிரி மணக்கும், திரும்பக் குளிர வைச்சாலும் பழைய வாசம் வராது. துவாயால சுத்திச் சீற்றுக்குக் கீழ நிழலில வையுங்கோ. வீட்டில தகரக்கூரைக்குக் கீழ மேல் தட்டில வைக்கிறதும் அதே பிழைதான். கட்டிலுக்குக் கீழ சீமெந்து நிலம் குளிர்ச்சி, இல்லாட்டி நேர பிரிட்ஜுக்குள்ளயே வைச்சிடுங்கோ, சில கிழமைக்கு ஒரு சேதமும் இல்லை.

படி 7: குளிர வைச்சுக் குடியுங்கோ

ரெட் வைனை அறை வெப்பநிலையில குடிக்கவேணும் எண்டு எல்லாரும் சொல்லுவினம். அந்த அறை ஐரோப்பாவின்ர அறை, 16, 18 பாகை. எங்கட அறை 30க்கு மேல. லைட் ரெட் வைனுக்கு 12 தொடக்கம் 14 பாகைதான் சரி. வெளிய நிண்ட போத்தலை ரெண்டு, ரெண்டரை மணித்தியாலம் பிரிட்ஜில வையுங்கோ. கரண்ட் இல்லையெண்டா வாளிக்குள்ள ஐஸ் கட்டியும் தண்ணியும் ஒரு பிடி உப்பும் போட்டு இருபது நிமிசம், தண்ணி கட்டாயம், வெறும் ஐஸ் கெதியாக் குளிர வைக்காது. கிளாஸுக்குள்ள ஐஸ் போடாதேங்கோ, வாசம் கரைஞ்சு போயிடும். கிளாஸில மூண்டில ஒரு பங்குக்கு விடுங்கோ, 750 மில்லிப் போத்தலில அஞ்சு பேருக்கு அளவா வரும்.

படி 8: எங்கட சாப்பாட்டோட

உறைப்பை அற்ககோல் கூட்டிக் காட்டும், உறைப்பும் டனினை முரடாக்கிக் காட்டும். 14.5 வீதக் கபெர்னேயோட மிளகாய்த்தூள் கூடின இறைச்சிக்கறி எரியிறது அதாலதான். குளிர வைச்ச கமேயோட நாட்டுக்கோழிக் கறியும் புட்டும் நல்லா ஒத்துப்போகும். மீனோட ரெட் வைன் கூடாது எண்டதும் கனமான வைனுக்குச் சொன்னது, அது மீனோட சேரேக்க இரும்பு ருசி ஒண்டு வரும். டனின் குறைஞ்ச பினோ நுவாரோட இரணைமடு விராலைப் பொரிச்சுச் சாப்பிட்டுப் பாருங்கோ, நந்திக்கடல் இறால் பிரட்டலும் அப்பிடித்தான். கருவாட்டுக் குழம்பை மட்டும் விடுங்கோ, அதுக்குப் பக்கத்தில எந்த வைனும் நிக்காது.

கபெர்னே போத்தல் ஒண்டு அன்பளிப்பா வந்திட்டுது எண்டா

எறியவேண்டாம். குடிக்கிறதுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் அகலமான ஜக்குக்குள்ள ஊத்தி வையுங்கோ, காத்துப் பட்டாக் கொஞ்சம் இளகும். இதை லைட் வைன் மாதிரிக் குளிர வைக்கக்கூடாது, குளிர் டனினை இன்னும் கூட்டிக் காட்டும், பிரிட்ஜில ஒண்டேகால், ஒண்டரை மணித்தியாலம் காணும். உறைப்புக் குறைச்சுக் கொழுப்போட வைச்ச ஆட்டிறைச்சியோட குடியுங்கோ, தேத்தண்ணிக்குப் பால் செய்த வேலையை இங்க இறைச்சியின்ர புரதம் செய்யும்.

மிஞ்சினா மூடியை இறுக்கிப் பிரிட்ஜில வையுங்கோ, லைட் வைன் மூண்டு நாளைக்குத் தாங்கும். அதுக்குப் பிறகு புளிச்சிட்டுது எண்டா வினாகிரிக்குப் பதிலா இறைச்சி ஊறப்போட எடுக்கலாம்.