போர்க்களப் பேச்சைப் பிரித்துப் படிப்பது எப்படி?

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளிடம் ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் இங்கிலாந்து ராஜா ஹென்றி போருக்கு முன் தன் வீரர்களிடம் பேசும் கிறிஸ்பின் நாள் பேச்சைக் கொடுத்தால், உருவகம் எங்கே, திரும்ப வரும் சொல் எங்கே என்று உடனே அடிக்கோடு போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதைக் கடைசியில் செய்யுங்கள்.

முதலில் பேச்சுக்கு முந்தின வரிகளைப் படியுங்கள். நான்காம் அங்கம், மூன்றாம் காட்சி. 1415 அக்டோபர் 25, கிறிஸ்பின் என்கிற புனிதரின் திருநாள், பிரெஞ்சுப் படையோடு அஜின்கோர்ட் போர் தொடங்கப்போகிற காலை. எதிரி ஒன்றுக்கு ஐந்து என்கிறான் ஹென்றியின் பக்கத்துப் பிரபு எக்ஸிட்டர். ஊரில் இன்று சும்மா இருக்கிறவர்களில் ஒரு பத்தாயிரம் பேர் இங்கே இருந்தால் தேவலையே என்று ஏங்குகிறான் இன்னொரு பிரபு வெஸ்ட்மோர்லாண்ட். முழுப் பேச்சும் இந்த ஏக்கத்துக்குப் பதில்தான். ஆள் போதாது என்பதை மறுக்க முடியாது, அதனால் ஹென்றி அதையே லாபமாக்கிவிடுகிறான்: சாவதென்றால் நாட்டுக்கு இந்த நஷ்டமே போதும், பிழைத்தால் ஆள் குறையக் குறையத் தலைக்கு விழுகிற புகழ் கூடும். பந்தியில் ஆள் குறைந்தால் இலைக்கு ஒரு வடை கூடுதல் என்கிற கணக்கு!

அடுத்து, சண்டைக்குத் தைரியம் இல்லாதவன் போகலாம், வழிச்செலவுக்குக் காசும் தருகிறேன் என்கிறான். சக வீரர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எவன் கை தூக்குவான்? கேட்ட நிமிஷமே, நின்றவன் எல்லாம் தானாக விரும்பி நின்றவன் ஆகிவிடுகிறான். பேச்சிலேயே கெட்டிக்காரத்தனமான இடம் இதுதான் என்பேன்.

சரி, இப்போது காலத்தைக் கவனியுங்கள். இன்னும் சில மணி நேரத்தில் செத்துப்போவோம் என்று நினைக்கிறவனிடம் அவனுடைய கிழப்பருவத்தைப் பற்றிப் பேசுகிறான்: வருஷா வருஷம் இந்த நாளுக்கு முந்தின இரவில் அக்கம்பக்கத்தாருக்கு விருந்து வைப்பாய், சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டுவாய் என்று. பிழைப்பாயா என்கிற கேள்வியைத் தாண்டியே போய்விடுகிறான். அதற்குப் பிறகுதான் ‘நாம் சிலர், சகோதரர்கள்’ வருகிறது, அதுவரை ஏற்றிய சூட்டில்தான் அந்த வரி எடுபடுகிறது.

சொல்லாமல் விட்டதையும் தேடுங்கள். இந்தப் போர் நியாயமா என்று ஒரு வரிகூட இல்லை. முந்தின இரவு மாறுவேஷத்தில் வந்த ராஜாவிடமே வில்லியம்ஸ் என்கிற சாதாரண வீரன் அதைக் கேட்டுவிட்டான். போர் முடிந்ததும் தன் பக்கத்தில் இறந்தவர் பட்டியலை ஹென்றி வாசிக்கிறான்: பெயர் சொல்ல நான்கு பேர், மற்றவர்கள் 25 பேர், அவ்வளவுதான். காலையில் சகோதரர்கள், சாயங்காலம் வெறும் எண்ணிக்கை. பரீட்சையில் இதை எழுதாவிட்டால் பாதிப் பதில்தான்.

பழக்கத்துக்குப் புறநானூறு 72ஐப் பக்கத்தில் வையுங்கள். திருவாரூர் மாவட்டத்துத் தலையாலங்காடுதான் தலையாலங்கானம் என்பார்கள், அங்கே வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் வஞ்சினம் அது. பகைவரை வெல்லாவிட்டால் குடிமக்கள் என்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்கிறான். வீரர்களிடம் எதுவும் கேட்கவில்லை, தன் பெயரையே பணயம் வைக்கிறான்.

ஹென்றி எதையும் பணயம் வைக்கவில்லை என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். நம் கழுத்து அறுந்த பிறகு ராஜா மீட்புப்பணம் கொடுத்துத் தப்பலாம் என்றும் வில்லியம்ஸ் சொல்லியிருந்தான். பேச்சு முடிந்த கொஞ்ச நேரத்தில் பிரெஞ்சுத் தூதன் அதே பணத்தைக் கேட்டு வருகிறான். என் எலும்புகளைத் தவிர ஒன்றும் கிடைக்காது என்று ஹென்றி எல்லார் முன்னாலும் அவனைத் திருப்பி அனுப்புகிறான். வில்லியம்ஸின் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு அங்கே பதில் கிடைத்துவிடுகிறது.