லேப்டாப்பைத் திறக்கும் முன் கையில் இருக்கும் கரண்டை இறக்கி வையுங்கள்

தெர்மோகோலை உடைத்தால் அந்த வெள்ளை மணிகள் கையில் ஒட்டிக்கொண்டு, உதற உதறப் போகாமல் படுத்துமே, அதே கையோடுதான் பல பேர் போய் ரேமைத் தொடுகிறோம். அந்த ஒட்டலுக்குக் காரணம் ஸ்டேட்டிக், அதாவது உரசலில் சேர்ந்து ஓடாமல் நிற்கும் மின்சாரம். உடம்பில் கிட்டத்தட்ட 3,000 வோல்ட் சேர்ந்தால்தான் நமக்குச் சுள்ளென்று உறைக்கும், அதற்குக் கீழே என்ன நடந்தாலும் தெரியாது. சில சிப்புகளுக்கோ நூறு, இருநூறு வோல்ட்டே அதிகம், ஏனென்றால் உள்ளே டிரான்சிஸ்டர்களில் இருக்கும் காப்புப் படலம் சில நானோமீட்டர் தடிமன்தான். அதனால் "எனக்கு ஷாக் எதுவும் அடிக்கவில்லையே" என்பதெல்லாம் கணக்கில் சேராது.

நானும் பட்டிருக்கிறேன். பாலியஸ்டர் சட்டை, ஏசி அறை, பிளாஸ்டிக் நாற்காலி, மூன்றும் சேர்ந்த ஒரு ராத்திரியில் புது ரேம் போட்டேன், உடனே வேலை செய்தது, மூன்று வாரம் கழித்து நீலத்திரை வர ஆரம்பித்தது. பழைய ரேமைத் திரும்பப் போட்டால் சரியாக ஓடியது. ஸ்டேட்டிக்தான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது, அதுதான் இதில் பெரிய எரிச்சலே. பாகம் அங்கேயே செத்துவிட்டால் பரவாயில்லை, அரைகுறையாக அடி வாங்கி, ஓடிக்கொண்டே இருந்து, பிறகு ஒருநாள் காலை வாரும்.

ஈரக்காற்று நமக்குச் சாதகம். கம்பளத்தில் நடந்தால், காற்றில் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமாக இருக்கும்போது 35,000 வோல்ட் வரை ஏறும், 65 சதவீதத்துக்கு மேலே போனால் 1,500 அளவில் நிற்கும் என்பது இந்தத் துறையில் வழக்கமாகக் காட்டும் கணக்கு. சென்னைப் புழுக்கத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்தால் பயம் குறைவு, ஆனால் ஏசி ஓடும் அறை வேறு, பெங்களூரின் பிப்ரவரி மாதம் வேறு. குறைவு என்றாலும் 1,500 வோல்ட்டும் சிப்புக்கு ஜாஸ்திதான், அதை மறக்க வேண்டாம்.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. நீங்களும் லேப்டாப்புக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டும் கையில் இருக்கும் பாகமும் ஒரே மின் மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு தொட்டியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருந்தால் நடுவில் குழாய் போட்டாலும் எதுவும் ஓடாது, அவ்வளவுதான் விஷயம். "எர்த்" என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு சுவர் சாக்கெட்டின் மேல் ஓட்டையில் கம்பியைச் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், எத்தனை வீட்டு வயரிங்கில் எர்த் என்ற பெயரில் என்ன இருக்கிறது என்பது எலக்ட்ரீஷியனுக்கே வெளிச்சம். பழைய ஆட்கள் தண்ணீர்க் குழாயைத் தொடச் சொல்வார்கள், இப்போது அதுவும் பிவிசி ஆகிவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். மேஜை மேல் விரித்த பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துவிடுங்கள், வெறும் மரப்பலகை போதும். பருத்திச் சட்டை போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போதுதான் உடம்பில் நிறைய ஏறும், அதனால் மர ஸ்டூலோ, நின்றபடியோ நல்லது. தெர்மோகோல், பபிள் ராப், பாலித்தீன் பை எல்லாம் மேஜையை விட்டுத் தள்ளிப் போகட்டும்.

விண்டோஸ் என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், இல்லையென்றால் சீக்கிரம் ஆன் ஆவதற்காக விண்டோஸில் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக அது முழுதாக அணையாமல் இருக்கலாம். சார்ஜரைப் பிடுங்குங்கள். பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது, வேறு எதையும் அதற்கு முன் தொடாதீர்கள். ஒயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் இரண்டு காதையும் பிளாஸ்டிக் குச்சியால் மாற்றி மாற்றி நெம்பினால் வரும், மெட்டல் ஸ்க்ரூ டிரைவரை அங்கே நுழைக்க வேண்டாம். பிறகு பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சம் மீதி இறங்கிவிடும். உண்மையைச் சொன்னால், வீட்டில் ரிப்பேர் பார்க்கும்போது போர்டு போவதற்கு ஸ்டேட்டிக்கை விட, பேட்டரியைக் கழற்றாமல் கை வைப்பதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, உலோக உடம்புள்ள லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது தடவினால் சுருசுருவென்று இருக்குமே, அது ஸ்டேட்டிக் இல்லை. சார்ஜருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் கரண்ட், எர்த் சரியில்லாததால் உடம்புக்கு வருகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் போய்விடும்.

ரிஸ்ட் ஸ்ட்ராப் ஒன்று வாங்கி வையுங்கள், ஸ்டேட்டிக்கை இறக்க மணிக்கட்டில் கட்டும் ஒயர் வைத்த பட்டை அது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சட்டைக் கை மேல் கட்டினால் பிரயோஜனம் இல்லை, உள்ளே இருக்கும் தகடு தோலில் இறுக்கமாகப் பட வேண்டும். மறுமுனை கிளிப்பை, பேட்டரியைக் கழற்றிய பிறகு, கீல் பக்கம் உள்ள பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். அந்த ஒயரில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும், தப்பித் தவறி 230 வோல்ட்டில் கை பட்டாலும் அது வழியாக 0.23 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. தகட்டுக்கும் கிளிப்புக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், 1 மெகா ஓம் பக்கம் காட்டினால் நல்ல ஸ்ட்ராப், ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது, பூஜ்யம் காட்டினால் ரெசிஸ்டரே இல்லை, தூக்கிப் போடுங்கள். ஒயரே இல்லாத ஸ்ட்ராப் என்றும் ஒன்று விற்கிறார்கள், அது கையில் கட்டிக்கொள்ளும் அலங்காரம்.

ஸ்ட்ராப் இல்லையா, எந்தப் பாகத்தையும் தொடும் முன் அந்தக் கீல் பக்க உலோகத்தை ஒரு தொடு தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். நடுவில் ஸ்க்ரூ விழுந்துவிட்டது என்று எழுந்து குனிந்து தேடிவிட்டு வந்தால் மறுபடியும் தொட வேண்டும். எல்லாரும் மறப்பது இந்த இரண்டாவது தொடுதலைத்தான்.

புது ரேம், எஸ்எஸ்டி வரும் வெள்ளி நிறப் பையைக் கையில் பிடித்தபடி லேப்டாப்பின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, அப்புறம் பையைப் பிரியுங்கள். பாகத்தை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள், தங்கக் கலர் பற்களில் விரல் படக் கூடாது. கழற்றியதை அந்தப் பைக்கு உள்ளே வையுங்கள், மேலே இல்லை. பாதுகாப்பு பைக்கு உள்ளேதான், வெளிப்புறம் மின்சாரம் கடத்தலாம், அதன் மேல் போர்டை வைத்து ஆன் செய்து பார்ப்பது வம்பு. ரோஸ் நிறப் பை தானாகச் ஸ்டேட்டிக் உண்டாக்காது, ஆனால் வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. பக்கத்தில் தம்பி நின்று உதவினால், பாகத்தை அவன் கையில் கொடுக்கும் முன் அவன் கையை ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

தூசு தட்ட வாக்குவம் கிளீனரைக் கொண்டுவராதீர்கள், அதன் பிளாஸ்டிக் மூக்கில் காற்றும் தூசும் உரசி நன்றாகவே ஸ்டேட்டிக் சேரும். நைலான் பெயின்ட் பிரஷ்ஷும் அப்படித்தான், ஸ்டேட்டிக் சேராத ஈஎஸ்டி பிரஷ் என்று கேட்டு வாங்குங்கள். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், அதைச் சுழல விடக் கூடாது. செல்லோ டேப்பை ரோலிலிருந்து சர்ரென்று உரிப்பதையும் போர்டுக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள், அதிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் வரும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு கடைசியாகத்தான் பேட்டரி கனெக்டர், அதற்கு முன் ஸ்ட்ராப் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். பட்டனை அழுத்தியும் உயிர் வரவில்லை என்றால் பதற வேண்டாம், பேட்டரியைக் கழற்றி மாட்டிய பல லேப்டாப்புகள் சார்ஜரைச் செருகினால்தான் விழிக்கும். ரேம் மாற்றியிருந்தால் முதல் தடவை கறுப்புத் திரையோடு கொஞ்ச நேரம், சிலதில் நிமிடக்கணக்கில்கூட, நிற்கும். அந்த நேரத்தில் பட்டனை மறுபடி மறுபடி அழுத்தாமல் போய் ஒரு காபி போட்டுக்கொண்டு வாருங்கள்.