என்எஃப்எஸ் டேட்டாஸ்டோர்ல விஏஏஐ போடறது எப்படி

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல, ஆரம்பாக்கம் தாண்டி ஸ்ரீசிட்டி பக்கம்லாம் நான் பாக்கற சின்ன கம்பெனிங்கள்ல ரெண்டு மூணு ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் (விஎம்வேர் சாஃப்ட்வேர்ல பல விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின், ஓட்டற சர்வர்), ஒரு நாஸ் பாக்ஸ் (நெட்வொர்க்ல இருக்கற ஸ்டோரேஜ்), நடுவுல ஒரு ஜிகாபிட் ஸ்விட்ச், அவ்ளோதான் செட்டப். விஎம் க்ளோன் போட்டா ஆமை மாதிரி போகுதுன்னு எல்லாரும் புது நாஸ் வாங்க கொட்டேஷன் கேக்கறாங்க. தயவுசெஞ்சு அதுக்கு முன்னாடி விஏஏஐ ப்ளகின் இருக்கான்னு பாருங்க. விஏஏஐன்னா காப்பி மாதிரி வேலைய ஹோஸ்ட் பண்ணாம ஸ்டோரேஜ் கிட்டயே விடற வசதி.

ஐஸ்கசி, ஃபைபர் சேனல் மாதிரி ப்ளாக் ஸ்டோரேஜ்னா (டிஸ்கையே நேரா ஹோஸ்டுக்கு குடுக்கறது) விஏஏஐ 2010ல வந்த ஈஎஸ்எக்ஸ்ஐ 4.1லருந்தே இருக்கு, ஸ்டோரேஜ் சப்போர்ட் பண்ணா போதும். என்எஃப்எஸ்க்கு (நாஸ் ஃபைலா ஷேர் பண்ற முறை) 2011ல 5.0ல தான் வந்துச்சு, அதுவும் நாஸ் கம்பெனி குடுக்கற ப்ளகினை நாமளே ஹோஸ்ட்ல ஏத்தணும், தானா வராது. அது இல்லன்னா 100 ஜிபி டெம்ப்ளேட்டை க்ளோன் பண்றப்ப மொத்த டேட்டாவும் நாஸ்லருந்து ஹோஸ்டுக்கு வந்து திரும்ப அதே நாஸுக்கு போகும், ஜிகாபிட் லைன்ல நொடிக்கு 110 எம்பி கிடைச்சாலே கால் மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் மத்த விஎம் எல்லாம் அதே லைன்ல திணறும். ப்ளகின் இருந்தா ஹோஸ்ட் "காப்பி பண்ணிக்கோ"ன்னு சொல்லிட்டு ஒதுங்கிடும், வேலைய நாஸே உள்ளுக்குள்ள முடிச்சிரும்.

மொதல்ல நாஸ் பக்கம். சில பாக்ஸ்ல இது ஆஃப்லயே வரும், நெட்ஆப்ல எஸ்விஎம்மோட (பாக்ஸுக்குள்ள இருக்கற விர்ச்சுவல் ஸ்டோரேஜ் சர்வர்) என்எஃப்எஸ் செட்டிங்ல விஸ்டோரேஜ்னு ஒண்ணு இருக்கும், அத எனேபிள் பண்ணாம ஹோஸ்ட்ல என்ன பண்ணாலும் வேலைக்காவாது. அப்புறம் உங்க ஈஎஸ்எக்ஸ்ஐ வெர்ஷனுக்கு பொருந்தற ப்ளகினை நாஸ் கம்பெனி சைட்லருந்தே எடுங்க, வேற எங்கயும் எடுக்காதீங்க. அத டேட்டாஸ்டோர்ல (விஎம் ஃபைல்லாம் இருக்கற எடம்) காப்பி பண்ணிட்டு ஹோஸ்டை மெயின்டெனன்ஸ் மோடுக்கு கொண்டு போங்க, விசென்டர் (எல்லா ஹோஸ்டையும் மேனேஜ் பண்ற சர்வர்) இல்லன்னா விமோஷன் (ஓடற விஎம்மை இன்னொரு ஹோஸ்டுக்கு மாத்தறது) கிடையாது, விஎம்மை எல்லாம் நிறுத்தித்தான் ஆகணும், அதனால ஷிஃப்ட் மாறுற நேரத்துல கை வைக்காதீங்க. எஸ்எஸ்ஹெச்ல போய் ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ சாஃப்ட்வேர் விஐபி இன்ஸ்டால் கமாண்டு (esxcli software vib install, விஐபின்னா ஈஎஸ்எக்ஸ்ஐ பேக்கேஜ்) குடுங்க, ஜிப் ஃபைல்னா ஹைஃபன் டி, தனி விஐபி ஃபைல்னா ஹைஃபன் வி, பாத் முழுசா இருக்கணும், பாதி பாத் குடுத்தா எரர் தான் வரும். சிக்னேச்சர் பிரச்சனைன்னு சொன்னா உடனே அக்செப்டன்ஸ் லெவலை (எந்த அளவு நம்பகமான பேக்கேஜை ஹோஸ்ட் ஏத்துக்கும்ங்கற செட்டிங்) கம்யூனிட்டி சப்போர்டட்னு எறக்கிடாதீங்க, ஒழுங்கான ப்ளகினுக்கு அது தேவையே படாது. முடிஞ்சதும் ரீபூட்.

இப்ப செக் பண்ணணும். விசென்டர்ல டேட்டாஸ்டோர், கான்ஃபிகர், ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்னு போனா ஹோஸ்ட் வாரியா காட்டும். சூளூர்பேட்டைலருந்து ஒரு தம்பி, "அண்ணா ஒரு ஹோஸ்ட்ல சப்போர்டட்னு வருது, இன்னொண்ணுல நாட் சப்போர்டட்னு வருது, நாஸ்ல எதாச்சும் கோளாறா"ன்னு கேட்டான். கோளாறு ஒண்ணுமில்ல, ரெண்டாவது ஹோஸ்ட்ல ப்ளகின் போடல, ஒவ்வொரு ஹோஸ்ட்லயும் தனித்தனியா போடணும். எனக்கு பிடிச்ச செக் இன்னொண்ணு இருக்கு, புது டிஸ்க் சேக்கற விண்டோல திக் ப்ரொவிஷன் (டிஸ்க் எடத்தை மொதல்லயே முழுசா ஒதுக்கறது) செலக்ட் பண்ண முடியுதான்னு பாருங்க, ப்ளகின் இல்லாத என்எஃப்எஸ்ல அது மங்கலா கெடக்கும்.

டேட்டாமூவர்னு ஆரம்பிக்கற அட்வான்ஸ்டு செட்டிங்கை ஒண்ணு ஆக்குங்கன்னு நெறைய பேர் சொல்வாங்க, அது ப்ளாக் ஸ்டோரேஜுக்கு, இங்க அத தொடவே வேணாம்.

ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, ஓடிட்டிருக்கற விஎம்மை ஸ்டோரேஜ் விமோஷன் (டிஸ்கை வேற டேட்டாஸ்டோருக்கு மாத்தறது) பண்ணா என்எஃப்எஸ்ல இது உதவாது, பழையபடி நெட்வொர்க் வழியாத்தான் போகும். ஆஃப் பண்ண விஎம்மையோ டெம்ப்ளேட்டையோ க்ளோன் பண்றப்பதான் பலன்.

லைஃப்சைக்கிள் மேனேஜர்ல (விசென்டரோட அப்டேட் டூல்) இமேஜ் வச்சு அப்டேட் பண்றவங்க ப்ளகினை அந்த இமேஜுக்குள்ளயே சேத்துருங்க, இல்லன்னா அடுத்த ரெமிடியேட்ல (இமேஜை ஹோஸ்ட்ல ஏத்தறப்ப) அது காணாம போயிரும், க்ளோன் மறுபடி ஸ்லோ ஆகற வரைக்கும் யாருக்கும் தெரியாது.