பனிக்காலத்தில் தனியாகத் துங்கநாத்: ஒரு நாள் நடைக்கான செய்முறை

உத்தராகண்டில் சோப்தாவிலிருந்து (சுமார் 2,700 மீ.) துங்கநாத் கோவில் (3,680 மீ.) வரை கல் பதித்த பாதை, ஏறக்குறைய 3.5 கி.மீ. கோடையில் பாட்டிகளும் ஏறிவிடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் கதையே வேறு: நடை சாத்தி, சாமியை கீழே உள்ள மக்குமட் கிராமத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள், பாதை பனிக்கடியில் கிடக்கும்.

முந்தைய நாள்

சோப்தா பக்கம் ஓர் இரவு தங்குங்கள். உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும். சாலை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். பனியால் அடைத்திருந்தால் கீழிருந்தே நடக்க வேண்டும், கணக்கு மாறும். இரண்டு நாளுக்குள் பெரும் பனி கொட்டியிருந்தால் கிளம்பவே வேண்டாம்.

மேலே சிக்னலை நம்ப முடியாது. அதனால் விடுதிக்காரரிடம் ஒரு சீட்டு கொடுங்கள்: போகும் வழி, கிளம்பும் நேரம், ஜாக்கெட் நிறம், ‘மாலை 4 மணிக்குள் வராவிட்டால் 112-க்குச் சொல்லவும்’.

உடையும் பையும்

பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. உள்ளே பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, நடுவில் ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி), மேலே காற்றுத் தடுப்பு ஜாக்கெட். கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் பத்தே நிமிடத்தில் வியர்க்கும். நின்றதும் அந்த ஈரமே உங்களை உறைய வைக்கும். பலர் சறுக்குவது இங்கேதான், பனியில் அல்ல.

பையில் மைக்ரோஸ்பைக் (ஷூ அடியில் மாட்டும் சிறு முள் சங்கிலி), கெய்ட்டர் (ஷூவுக்குள் பனி புகாமல் காலில் மாட்டும் உறை), ஊன்றுகோல், இரண்டு ஜோடி கையுறை, தலைவிளக்கு, தடித்த டவுன் (பறவை இறகு அடைத்த) ஜாக்கெட், 2 லிட்டர் தண்ணீர். பாட்டிலைத் தலைகீழாகச் செருகுங்கள்: தண்ணீர் மேலிருந்துதான் உறையும், மூடிப் பக்கம் திறந்தே இருக்கும். உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பை எடுக்க வேண்டாம், குழாய் உறைந்துவிடும். போன் உள்பாக்கெட்டில், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

நடை

காலை 7 மணிக்குக் கிளம்பி, எங்கே இருந்தாலும் 12 மணிக்குத் திரும்புங்கள். வழுக்கிய பிறகு அல்ல, பளபளப்பு தெரிந்ததுமே மைக்ரோஸ்பைக்கை மாட்டுங்கள். ஈரப்பனி அடியில் உருண்டையாக ஒட்டினால் முள் தரையைத் தொடாது, கோலால் தட்டிவிடுங்கள்.

சிக்கல் வருவது கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடையில். பனி மூடியதும் தட்டையான பாதை மறைந்து, மலைச்சரிவோடு சரிவாகப் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்துவிடும். பழைய கால்தடம் இருந்தால் அதில் மிதியுங்கள். இல்லையென்றால் ஷூ விளிம்பால் இரண்டு மூன்று முறை வெட்டிப் படி செய்து, எடை போட்டுப் பார்த்தே அடுத்த அடி. சரிவு செங்குத்தாகி, வெட்டியும் படி விழாத கெட்டிப்பனியாக இருந்தால் மைக்ரோஸ்பைக் தாங்காது. அது கிராம்பானும் (ஷூவில் மாட்டும் நீண்ட முள் சட்டம்) பனிக்கோடரியும் கேட்கும் இடம், திரும்புங்கள். காலடியில் ‘தொம்’மென்று பனி அமுங்கினாலோ விரிசல் ஓடினாலோ அப்போதும் திரும்புங்கள். தலைவலியோடு வாந்தி வந்தால் ஓய்வெடுக்க உட்காராமல் கீழே இறங்குங்கள்.

கோவிலுக்கு மேலே சந்திரசிலா (சுமார் 4,000 மீ.) ஆசை காட்டும். முதல் தடவை, அதுவும் தனியாக என்றால், வேண்டாம்.

இறக்கத்தில் வெயிலில் உருகிய இடம் நிழல் விழுந்ததும் கண்ணாடியாகும். முட்டியை மடக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். கீழே வந்ததும் முதல் வேலையாக விடுதிக்காரரிடம் அந்தச் சீட்டைத் திரும்ப வாங்குங்கள். டீ அப்புறம்.