சிக்னலில் ஏறும் சூடு, ரிங் ரோட்டில் இறங்கும் சூடு

ஓடும்போது காரின் டெம்பரேச்சர் முள் பாதியில் நிற்கிறது. மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டினால் மேலே ஏறுகிறது. இப்படியென்றால் ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போச்சோ என்று பயப்படுமுன் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். ஓட்டத்தில் எதிர்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நின்றால் ஃபேன்தான் கதி.

எங்கள் பழைய கார்பரேட்டர் வண்டியில் ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. தெர்மோ சுவிட்சின் (சூடு ஏறியதும் ஃபேனை ஓடவிடும் சுவிட்ச்) கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, கனெக்டரின் இரண்டு முனைகளையும் துண்டு ஒயரால் இணைத்தேன். ஃபேன் உடனே சுற்றியது. மோட்டாரும் ரிலேயும் சரி, சுவிட்ச்தான் போச்சு. சுற்றாவிட்டால் மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். (இசியூ, அதாவது இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், உள்ள வண்டியில் இந்த ஒயர் வேலை வேண்டாம், அங்கே சுவிட்சுக்குப் பதில் சென்சார் இருக்கும்.)

இஞ்சின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் தொடுங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கழற்றிய சுவிட்சின் நுனியில் வெள்ளை வெள்ளையாக உப்பு. வருஷக்கணக்காக ஊற்றியது போர் தண்ணீர்; அது குக்கருக்குள் என்ன செய்யும் என்பது நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ரேடியேட்டரை இரண்டு முறை அலசி, புது வாஷரோடு சுவிட்சைப் பொருத்தி, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றினேன். தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் கூலண்ட் வாங்கினால் தண்ணீரே சேர்க்கக் கூடாது. ஹீட்டரை ஹாட்டில் வைத்து ஐடிலில் ஓடவிட்டு, குமிழி நின்றதும் மூடியைப் போட்டேன். ஃபேன் தானாக இரண்டு முறை ஓடி நின்றது.