ஒரே பெயரில் இரண்டு பிரிட்டிஷ் பிரமுகர்களா? குழப்பாமல் எழுதும் வழி

டேவிட் டேவிஸ் என்று எழுதுகிறீர்கள். எந்த டேவிஸ்? 2005 முதல் 2024 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், ஒரே கன்சர்வேட்டிவ் கட்சியில், இருவர் இருந்தார்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசம் உண்டு. ஒருவர் பெயரில் கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு 'e' கூடுதல் (Davis, Davies). உச்சரிப்பு ஒன்றுதான். அதனால் தமிழில் எழுதியதும் அந்த ஓர் எழுத்தும் போய்விடுகிறது.

படி 1: ஆண்டைப் பிடியுங்கள்

பிரான்சிஸ் பேக்கன் என்றால் தத்துவ அறிஞர் (1561–1626), ஓவியர் (1909–1992) என இருவர். இங்கே ஆண்டு போட்டால் வேலை முடிந்தது. வில்லியம் பிட் தந்தை, மகன் இருவருமே பிரதமர்கள். தந்தை 1766–68இல் ஆண்டார். மகன் 1783இல், 24 வயதில், பதவியேற்றார். மூத்த பிட், இளைய பிட் என்று எழுதுவது வழக்கம். வெறும் 'பிட்' என்று விட்டுவிடாதீர்கள்.

படி 2: ஆண்டு உதவாவிட்டால் பதவி

சமகாலத்தவர்களிடம்தான் சிக்கல். 'e' இல்லாத டேவிஸ் 2016–18இல் பிரெக்ஸிட் அமைச்சர். மற்றவர் மன்மத் தொகுதி உறுப்பினர், 2022–24இல் வேல்ஸ் அமைச்சர். அவரை டேவிட் டி.சி. டேவிஸ் என்பார்கள். செய்தியில் வேல்ஸ் வந்தால் பெரும்பாலும் இவர்தான். ஆனாலும் தேதியைப் பார்த்துவிட்டே எழுதுங்கள்.

விளையாட்டில் கிளப் பெயர் கைகொடுக்கும். 1986 கால்பந்து உலகக் கோப்பைக்குப் போன இங்கிலாந்து அணியிலேயே இரண்டு கேரி ஸ்டீவன்ஸ் இருந்தார்கள், இருவரும் தற்காப்பு ஆட்டக்காரர்கள். ஒருவர் எவர்ட்டன், மற்றவர் டாட்டன்ஹாம்.

படி 3: இனிஷியலை நம் வழக்கப்படி படிக்காதீர்கள்

நமக்கு இனிஷியல் என்றால் அப்பா பெயர். அங்கே அது பெரும்பாலும் நடுப்பெயர். அமெரிக்காவில் வின்ஸ்டன் சர்ச்சில் என்றே ஒரு நாவலாசிரியர் இருந்ததால், பிரிட்டிஷ் சர்ச்சில் தன் நூல்களில் 'வின்ஸ்டன் எஸ். சர்ச்சில்' என்று போட்டுக்கொண்டார். 'எஸ்' என்பது ஸ்பென்சர், அவர் குடும்பப் பெயரின் முற்பகுதி. அப்பா பெயரோ ரேண்டால்ஃப். பேரனும் வின்ஸ்டன் சர்ச்சில்தான். 1970 முதல் 1997 வரை எம்.பி.யாக இருந்தார். எனவே 1980களின் செய்தியில் 'சர்ச்சில் எம்.பி.' என்றிருந்தால் தாத்தாவின் படத்தைப் போட்டுவிடாதீர்கள். தாத்தா 1965லேயே காலமாகிவிட்டார்.

படி 4: பிரபு என்றால் ஊரையும் சேருங்கள்

'யங் பிரபு' என்று மட்டும் எழுதினால் பிழை. கிராஃபம் யங் பிரபு, டார்டிங்டன் யங் பிரபு, குக்கம் யங் பிரபு எனப் பலர் இருந்திருக்கிறார்கள்; இந்த மூவரின் இயற்பெயர்கள் முறையே டேவிட், மைக்கேல், ஜார்ஜ். ஒரே பட்டம் இருவருக்குப் போகாமலிருக்கத்தான் ஊர்ப்பெயரையே பட்டத்தோடு ஒட்டுகிறார்கள். இடம் போதவில்லை என்று அதை வெட்டினால் அடையாளமே போய்விடும். 'சர்' பட்டம் வேறு மாதிரி: அது முதற்பெயரோடு போகும். சர் கியர் சரி, சர் ஸ்டார்மர் தவறு.

படி 5: பழைய பெயரையும் பாருங்கள்

டேவிட் ஜோன்ஸ் என்ற இளம் பாடகர், மங்கீஸ் குழுவின் டேவி ஜோன்ஸோடு குழம்பக்கூடாதென்று டேவிட் போவி ஆனார். பிரிட்டிஷ் நடிகர் சங்கமான ஈக்விட்டியில் ஏற்கெனவே ஒரு டேவிட் மெக்டொனால்டு இருந்ததால் இன்னொருவர் டேவிட் டெனன்ட் ஆனார். பெயர் மாற்றத்துக்கு முந்தைய செய்தியைப் படிக்கும்போது இது தேவைப்படும்.

படி 6: கடைசியாகப் படம்

அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். எலிசபெத் டெய்லர் என்று தேடினால் வரிசையாக நடிகையின் (1932–2011) படங்கள்தான் வரும். நீங்கள் எழுதுவது 1971 புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற நாவலாசிரியரைப் பற்றி என்றால் அவர் வேறு ஆள் (1912–1975). தேடும்போது பெயரோடு 'நாவலாசிரியர்' என்பதையும் சேருங்கள். கிடைத்த படத்தின் விவரத்தில் எடுத்த ஆண்டு 1975க்குப் பிந்தையதென்றால் அது அவரல்ல.